கபோங் பள்ளத்தாக்கின் குளம்: தக்குவாபாத் தமிழ்க் கல்வெட்டும் குவாரிச் வேல்ஸின் குறுக்குவழிக் கொள்கையும்

தென் தாய்லாந்தின் மேற்குக் கரையில், பாங்ங்கா மாகாணத்தின் உள்நாட்டுப் பகுதியில் இருக்கிறது கபோங் மாவட்டம். கடற்கரை இல்லாத சிறு மாவட்டம் இது. கபோங், தானா, மோ, லே, ரமணி என்னும் ஐந்து தம்போன்கள் (துணை மாவட்டங்கள்) மட்டுமே இதில் அடங்கும். தென்கிழக்காசிய வரலாற்று நூல்களில் இந்த நிலம் தன் பெயரால் அறியப்படுவது அரிது. கீழே கடல்முகத்தில் இருக்கும் தக்குவாபாவின் பெயருக்குள் அது கரைந்துவிட்டது. தக்குவாபாத் தமிழ்க் கல்வெட்டு என்று நாம் அழைக்கும் கல் கண்டெடுக்கப்பட்ட காவ் பிரா நாராய் குன்று, ஆற்றின் மேற்பகுதியில் இந்தக் கபோங் பள்ளத்தாக்கில்தான் உள்ளது. பல்லவச் சாயல் கொண்ட மூன்று பெரிய கற்சிற்பங்களும் அங்கேயே கிடைத்தன. இந்தச் சான்றுகளைக் கொண்டு கபோங்கை ஒரு நெடும்பாதையின் இடைத்தங்கலாக விளக்கியவர் எச். ஜி. குவாரிச் வேல்ஸ். 1935இல் அவர் முன்வைத்த அந்த விளக்கம் பல திருத்தங்களுக்குப் பிறகும் செல்வாக்கு இழக்கவில்லை. கபோங்கை வழிப்போக்கர் கடந்து சென்ற நிலமாகக் காண்பதைவிட, வணிகர் குழு ஒன்று பொறுப்பேற்றுத் தங்கிய குடியிருப்புடன் பிணைந்த நிலமாகக் காண்பதே கல்வெட்டின் சொற்களுக்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நிலத்தின் அமைப்பு. தீபகற்பத்தின் முதுகெலும்பான மலைத்தொடரின் மேற்குச் சரிவில் கபோங் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றை நேராக எதிர்கொள்வதால் தாய்லாந்தின் மிகுமழைப் பகுதிகளுள் இதுவும் ஒன்று. சரிவில் இறங்கும் ஓடைகள் சேர்ந்து தக்குவாபா ஆறாகி அந்தமான் கடலை அடைகின்றன. ஆற்றுமுகத்துக்கு எதிரே கோ கோ காவ் தீவும், அதில் துங் துக் என்ற தொல்லியல் இடமும் உள்ளன. மலைத்தொடரின் மறுபுறம் சூராத் தானி மாகாணத்தின் பனோம் மாவட்டம். அங்கிருந்து இறங்கும் நீர் பும் துவாங் ஆற்றின் வழியே தாப்பி ஆற்றுடன் கலந்து பாண்டோன் விரிகுடாவில் சேர்கிறது. இரண்டு ஆறுகளின் தலைப்புகளும் ஒன்றையொன்று நெருங்கி நிற்பதை வரைபடத்தில் காணும் எவருக்கும் இரு கடல்களையும் இணைக்கும் ஒரு கோடு கண்ணில் படும். வேல்ஸின் கொள்கை பிறந்தது அந்தக் கோட்டில்தான்.

வேல்ஸின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பது முறை. வரைபடத்தை மட்டும் நம்பி எழுதியவரல்லர் அவர். 1934இல் தக்குவாபாவிலிருந்து நீர்ப்பிரி மலையைக் கடந்து பாண்டோன் விரிகுடா வரை தாமே சென்று பார்த்தவர். மலாக்கா நீரிணையைச் சுற்றிச் செல்லும் நீண்ட கடல்வழியையும் அதன் கடற்கொள்ளை அச்சத்தையும் தவிர்க்க விரும்பிய இந்திய வணிகரும் அந்தணரும் சிற்பிகளும் தக்குவாபாவில் இறங்கி, ஆற்றின்வழி மேலேறி, மலையைக் கடந்து கிழக்குக் கரையை அடைந்தனர் என்பது அவர் முடிவு. கிழக்கே சையாவிலும் வியங் சாவிலும் கிடைத்த பழைய சிற்பங்கள், மேற்கே ஆற்றுமுகத்திலும் மேலாற்றிலும் கிடைத்த விஷ்ணு சிற்பங்கள், இவற்றுக்கு நடுவே கடக்கக்கூடிய ஒரு கணவாய் ஆகிய மூன்றையும் அவர் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகக் கண்டார். இந்தியப் பண்பாடு இந்தோசீனம் நோக்கிப் பரவிய முதன்மை வழியே இதுதான் என்றுவரை அவர் சென்றார். 1937இல் வெளிவந்த ‘அங்கோரை நோக்கி’ என்ற நூல் இந்தக் கருத்தைப் பொது வாசகரிடமும் கொண்டு சேர்த்தது. துறைமுகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வை உள்நாட்டுப் பக்கம் திருப்பிய பெருமை அவருக்கு உண்டு. காவ் பிரா நாராய் குன்று ஏன் கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கிறது என்ற சரியான கேள்வியை எழுப்பியவரும் அவரே. அந்தக் கேள்விக்கு அவர் தந்த விடையில்தான் நான் வேறுபடுகிறேன்.

பிற்கால அகழாய்வுகளும் மேற்பரப்பு ஆய்வுகளும் வேல்ஸுக்கு ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டன. 1960களில் அலஸ்டர் லாம் கோ கோ காவ் தீவில் தாங் காலச் சீனப் பீங்கான்களையும் மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளையும் கண்டு, அதை ஒரு பெரும் இடைமாற்றுத் துறையாக அடையாளப்படுத்தினார். பின்னர் பென்னட் பிரான்சனும் அவருடன் பணிசெய்த ஆய்வாளர்களும் மேற்கே கோ கோ காவிலும் கிழக்கே சையாவை அடுத்த லேம் போவிலும் ஒரே 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஒரே வகையான சீன மட்கலங்கள் குவிந்திருப்பதைக் காட்டினர். இரு கரைகளிலும் ஒரே சரக்கு இருக்கும்போது குறுக்குவழி மெய்யாகிவிட்டதே என்று வேல்ஸின் தரப்பு கேட்கலாம். ஆனால் இரு முனைகளில் ஒரே பொருள் கிடைப்பது, அப்பொருள் நடுநிலத்தின் வழியே சென்றது என்பதற்குச் சான்றாகாது. ஒரே கடல்வணிக வலையில் இருந்த இரண்டு துறைகளுக்கும் கப்பலே அவற்றைக் கொண்டுவந்திருக்க முடியும். உடையக்கூடிய கலங்களை மழைக்காட்டு மலையின் குறுக்கே சுமந்து செல்வது எவ்வளவு அரிது என்பதை மிஷேல் ஜாக்-எர்குவால்க் வற்புறுத்தியிருக்கிறார். தீபகற்பத்தின் குறுக்குவழிகள் அனைத்தையும் அவர் ஏறக்குறைய முற்றாக மறுக்கிறார். அவ்வளவு தூரம் செல்ல நான் விரும்பவில்லை. மனிதர் கடந்திருப்பர், இலேசான, விலையுயர்ந்த சரக்கும் கடந்திருக்கும். கபோங்கில் கல்லும் சிற்பமும் நிலைபெற்றதற்கு அந்தக் குறுக்குப் போக்குவரத்து காரணமா என்பதே இங்குள்ள வினா.

இதற்கு விடை தரக்கூடிய ஒரே எழுத்துச் சான்று கல்வெட்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கத் தொழில் சார்ந்த போர்க் என்பவர் இதை வெளியுலகுக்கு அறிவித்தார். 1913இல் கல்வெட்டியலாளர் ஹுல்ட்ஷ் இதைப் படித்து வெளியிட்டார். சியாமியக் கல்வெட்டுகளின் தம் தொகுப்பில் ஜார்ஜ் செதேஸ் இதைச் சேர்த்தார். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932இலும் மீண்டும் 1949இலும் இதை விரிவாக ஆராய்ந்தார். அண்மைக்காலத்தில் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கடல்கடந்த தமிழ்க் கல்வெட்டுகளைத் தொகுத்தபோது இதையும் மறுபார்வை செய்தனர். சிறிய கல், சில வரிகள், அவற்றிலும் தொடக்கம் சிதைந்திருக்கிறது. முதல் வரியில் ஒரு மன்னன் பெயரின் கடைசி எழுத்துகள் மட்டும் எஞ்சியுள்ளன, ஆட்சியாண்டு அழிந்துவிட்டது. அடுத்து, நாங்கூர் உடையான் தொட்ட குளம் என்ற செய்தி வருகிறது. அக்குளத்தின் பெயர் ஸ்ரீ அவனிநாரணம். அந்தக் குளம் மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் இன்னொரு குழுவினர்க்கும் அடைக்கலம் என்று கல்வெட்டு முடிகிறது. மூன்றாவது குழுவின் பெயர் சிதைவால் பலவாறு படிக்கப்பட்டிருப்பதால் அதன்மீது எந்த வாதத்தையும் நான் கட்டவில்லை.

இந்தச் சில வரிகளில் எவை சொல்லப்பட்டிருக்கின்றன, எவை சொல்லப்படவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாதை பற்றிய குறிப்பு இல்லை. சுங்கம், சரக்கு, கப்பல், படகுத்துறை, சுமைகூலி எதுவும் இல்லை. வென்ற நாடு பற்றியோ பெற்ற திறை பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. இருப்பது ஒரு குளம், அதைத் தோண்டியவன், அதைக் காக்கக் கடமைப்பட்டோர். குளம் என்பது ஒருமுறை தோண்டிவிட்டுப் போகிற பொருளன்று. ஆண்டுதோறும் தூர் வாராவிட்டால் அது மேடாகிவிடும். மழை மிகுந்த மேற்குச் சரிவில் ஒரே பருவத்தின் மண்ணரிப்பும் செடிகொடியும் அதை மூடப் போதும். எனவே குளத்தை ஒரு குழுவிடம் அடைக்கலமாக ஒப்படைப்பவர், அக்குழு அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அங்கிருக்கும் என்று எதிர்பார்க்கிறார். சில நாள் தங்கி மலையேறிச் செல்பவர்களிடம் யாரும் குளத்தை ஒப்படைப்பதில்லை. வேல்ஸ் இந்தக் கல்வெட்டைத் தென்னிந்திய வணிகரின் இருப்புக்கான சான்றாக எடுத்துக்கொண்டார். அந்த இருப்பு எத்தகையது என்று கல்வெட்டே சொல்வதை அவர் பொருட்படுத்தவில்லை என்பதே என் முதன்மையான குறை.

காப்பாளராகக் குறிக்கப்பட்டோரின் தன்மை இதை இன்னும் தெளிவாக்குகிறது. தமிழகத்தில் அதே காலத்துக்கும் சற்றுப் பின்னுக்கும் உரிய நீர்நிலைகளை ஊராரும் சபையாரும் நாட்டாரும் பேணினர். முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரிவாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையையே விரித்துரைக்கின்றன. கபோங்கில் சபை இல்லை. ஊரும் நாடும் தமிழ்ப் பொருளில் இல்லை. அந்த வெற்றிடத்தை வணிகக் குழுவும் படைசார்ந்த குழுவும் நிரப்புகின்றன. நாங்கூர் காவிரிக் கழிமுகத்தில் சீர்காழியை அடுத்த ஊர். உடையான் என்ற பட்டம் நிலக்கிழமையைச் சுட்டுவது. குளம் தோண்டி அதற்கு ஏற்பாடு செய்துவைக்கும் கழிமுக நாட்டு நிலக்கிழாரின் வழக்கம், அதைத் தாங்கும் ஊர் அமைப்பு இல்லாத ஓரிடத்துக்கு வந்தபோது, அங்கிருந்த அமைப்புகளைக் கொண்டு தன்னை ஈடுசெய்துகொண்டது. இது பாதையின் வரலாற்றைவிட ஊராட்சியின் வரலாற்றுக்கு நெருக்கமானது.

இங்கே கடுமையான மறுப்பு ஒன்று எழும். மணிக்கிராமம் ஊர் ஊராகச் சென்று வணிகம் செய்த குழு. அதன் பெயர் ஒரு கல்லில் இருப்பதால் அங்கே குடியிருப்பு இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? மணிக்கிராமத்தார் பயணிகள் என்பது உண்மையே. ஆனால் கல்வெட்டுகளில் மணிக்கிராமம் இடத்தோடு பிணைந்தே பேசப்படுகிறது. கொடும்பாளூர் மணிக்கிராமம், உறையூர் மணிக்கிராமம் என்று ஊர்ப்பெயர் முன்னொட்டி வருவதைக் காண்கிறோம். உறுப்பினர் அலைந்தாலும் அமைப்பு ஓரூரில் வேர்கொண்டிருந்தது. இதற்குச் சமகாலச் சான்று கொல்லத்தில் இருக்கிறது. தாணு இரவியின் 5ஆம் ஆட்சியாண்டுக்கு, அதாவது 849க்கு உரியதாகக் கொள்ளப்படும் தரிசாப்பள்ளிச் செப்பேடு, மருவான் சபீர் ஈசோ எழுப்பிய பள்ளிக்கும் அதன் நிலத்துக்கும் காவலராக அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் நியமிக்கிறது. அங்கே அவை அளவை, சுங்கம், குடிகளின் உரிமை ஆகியவற்றில் பங்குள்ள நகர அமைப்புகள். ஒரு கொடையாளர் ஓர் அறப்பொருளை நிறுவுவதும், வணிகக் குழுவைக் காவலராக்குவதும், அதை எழுத்தில் பொறிப்பதும் கொல்லத்திலும் தக்குவாபாவிலும் ஒரே அச்சில் நடந்திருக்கின்றன. கொல்லத்தை யாரும் இடைத்தங்கல் என்று சொல்லத் துணிவதில்லை. அதே அமைப்பு அந்தமான் கரைக்கு வந்ததும் வழிப்போக்கர் கூட்டமாகிவிட்டது என்று கொள்ள என்ன காரணம் இருக்கிறது?

சேனாமுகத்தார் பற்றி நீலகண்ட சாஸ்திரி தந்த விளக்கமும் இங்கு உதவும். அவர்களைப் படைமுகாமில் இருந்தவர்களாக அவர் கொண்டார். அது பல்லவ அரசின் படையா, வணிகர் தம் பாதுகாப்புக்கு வைத்திருந்த படையா என்பதில் அறிஞர் ஒருமித்ததில்லை. கடல்கடந்த பல்லவ ஆட்சி என்ற முடிவுக்கு இந்த ஒரு சொல் போதாது. ஆனால் எந்த விளக்கத்தை ஏற்றாலும் படைவீரர் ஒரு குளத்தின் காவலராகப் பெயர் பெறுவதற்கு அவர்கள் அங்கே நிலையாக நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். வழித்துணையாக மலை கடந்து செல்லும் வீரர்க்கு அந்தப் பொறுப்பு பொருந்தாது.

அடுத்த மறுப்பு இதைவிட வலியது, நேர்மையாக எதிர்கொள்ள வேண்டியது. கல் இருக்கும் இடத்தில்தான் குளமும் இருந்தது என்பதற்கு உறுதி என்ன? சிற்பங்களும் கல்வெட்டும் ஆற்றுமுகத்திலிருந்து பிற்காலத்தில் மேலே கொண்டுசெல்லப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் பழையது. வட்டார மரபும் இதற்கு இடம் தருகிறது. பர்மியப் படையெடுப்பின்போது வீரர் சிலைகளைத் தூக்கிச் செல்ல முயன்றனர், பெருமழை பிடித்துக்கொண்டது, ஆற்றோரத்திலேயே விட்டுச் சென்றனர் என்பது அப்பகுதியில் வழங்கும் கதை. 1785இலும் 1809இலும் பர்மியப் படை இந்தக் கரையைத் தாக்கியது வரலாறு. கதையின் மழையை நம்ப வேண்டியதில்லை. ஆனால் கற்கள் தம் முதல் இடத்தில் இல்லை என்ற நினைவு மக்களிடம் இருக்கிறது என்பதைத் தள்ளிவிடவும் முடியாது.

ஆகவே இரு நிலைகளையும் தனித்தனியே ஆராய்கிறேன். கல்லின் முதல் இடம் மேலாற்றுக் குன்றின் அருகே என்றால், வற்றாத ஆற்றின் கரையில் தோண்டப்பட்ட குளம் பாசனத்துக்கோ பயணிகளின் தாகத்துக்கோ தேவைப்பட்டிராது. அருகில் திருமால் கோயிலுக்குரிய பெரும் சிற்பங்கள் இருப்பதால் அதைக் கோயிற்குளமாகக் கொள்வதே பொருத்தம். நாள்தோறும் வழிபாடு நடக்கும் கோயில், அர்ச்சகர், அவர்க்கு உணவு, அதைத் தரும் குடிகள் என்று ஒரு ஊரே அதன் பின்னால் விரிகிறது. கல்லின் முதல் இடம் ஆற்றுமுகம் என்றால் நிலைமை மாறும். உவர்நீர் ஏறும் கழிமுகத்திலும் மணற்பாங்கான தீவிலும் நன்னீர்க் குளம் உயிர்நாடி. பருவக்காற்று மாறக் காத்திருக்கும் கப்பலோர்க்கும் அங்கே தங்கிய வணிகர்க்கும் அதைவிட மேலான அறம் இல்லை. அந்நிலையில் கல்வெட்டு கபோங்கைப் பற்றிய நேர்ச்சான்றாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போது அது வேல்ஸின் மலைவழிக்கும் சான்றாகாது. குளம் எங்கிருந்தாலும் அதன் காவலர் தங்கியவர்களே. வேல்ஸ் கண்ட இடைத்தங்கல் இரண்டு நிலைகளிலும் கல்வெட்டிலிருந்து எழுவதில்லை.

கல்வெட்டின் காலம் பற்றியும் வழக்கமான உறுதிப்பாட்டை நான் ஏற்கத் தயங்குகிறேன். குளத்தின் பெயரைக் கொண்டு அதைப் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் ஆட்சியில், அதாவது ஏறத்தாழ 846 முதல் 869 வரையான காலத்தில் வைப்பது நிலைபெற்ற கருத்து. நந்திக் கலம்பகத்தின் தலைவனான அந்த மன்னனுக்கு அவனிநாரணன் என்ற பெயர் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் மன்னன் பெயர் இட்ட இடங்கள் மன்னனோடு மறைவதில்லை. அவனிநாராயண சதுர்வேதிமங்கலம் என்ற பெயரை ஏற்ற காவேரிப்பாக்கம் சோழர் காலத்திலும் அப்பெயரால் வழங்கியது. எனவே குளத்தின் பெயர் கீழெல்லையைத் தருகிறதே ஒழிய மேலெல்லையைத் தருவதில்லை. முதல் வரியில் எஞ்சியுள்ள எழுத்துகள் நந்திவர்மன் என்ற பெயரை ஐயமின்றி நிறைவு செய்யவில்லை. எழுத்தமைதி 9ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்துகிறது என்றாலும், கடல்கடந்த இடத்துக் கல்தச்சன் ஒருவனின் கையை வைத்து இருபது முப்பது ஆண்டு நுட்பத்தில் காலம் கணிப்பது துணிச்சல். 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி அல்லது அதற்குச் சற்றுப் பின் என்பதே நான் சொல்லத் துணியும் எல்லை. கோ கோ காவின் சீனக் கலங்களும் அதே நூற்றாண்டுக்கு உரியவை என்பது இதற்குத் துணை.

வழி இல்லையென்றால் இவ்வளவு உள்நாட்டில் ஏன் குன்றுக் கோயில் என்ற வேல்ஸின் கேள்வி இன்னும் நிற்கிறது. இதற்கு என் விடை வெள்ளீயம். கபோங் பள்ளத்தாக்கின் ஆற்றுப் படிவுகளில் வெள்ளீயத் தாது உண்டு. அதைப் பிரித்தெடுக்க ஆழச் சுரங்கம் வேண்டியதில்லை. ஓடை மணலை அரித்தே எடுக்கலாம். 9ஆம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர் இப்னு குர்தாத்பிஹ் கலா என்ற நாட்டின் வெள்ளீயச் சுரங்கங்களைக் குறிப்பிடுகிறார். கலா கெடாவா, தக்குவாபாவா, இன்னும் வடக்கிலா என்பது தீராத வழக்கு. ஆயினும் தீபகற்பத்தின் மேற்குக் கரை வெள்ளீயத்துக்காக அறியப்பட்டது என்பதை அது உறுதிப்படுத்துகிறது. வெண்கலப் படிமம் வார்த்த தென்னிந்தியாவுக்கு இந்த உலோகம் வேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது. இங்கே என் சான்று மெலிந்தது என்பதை நான் அறிவேன். பல்லவர் காலத்து அரிப்புக் குழியோ உலையோ காட்டி என் வாதத்தை நிறுவ முடியவில்லை. ஆனால் அந்த இன்மைக்குக் காரணம் உண்டு. ஓடை மணலை அரித்தெடுக்கும் தொழில் தன் தடத்தைத் தானே அழிக்கக்கூடியது. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் பெருநீர் பாய்ச்சியும் வாரி எந்திரங்கள் கொண்டும் நடந்த சுரங்கத் தொழில் அதே படிவுகளை மீண்டும் மீண்டும் புரட்டிப்போட்டது. பழைய அடுக்குகள் இருந்திருந்தாலும் தப்பியிருப்பது அரிது. சுமைப்பாதைக்கு இந்த விலக்கு இல்லை. மலைச்சரிவின் காட்டை யாரும் வாரி எந்திரம் கொண்டு புரட்டவில்லை. நூற்றாண்டுகளாகச் சரக்கு சென்ற வழியாயின் உடைந்த கலங்களும் தங்கல் இடங்களும் வழிநெடுகச் சிதறியிருக்க வேண்டும். இரு கரைகளிலும் குவிந்து கிடக்கும் கலத்துண்டுகளுக்கு இணையாக நடுவழியில் எதையும் வேல்ஸ் காட்டவில்லை. எனவே இரு தரப்பின் சான்றின்மையும் ஒரே எடையுள்ளதன்று.

வேல்ஸுக்கு ஆதரவாக ஒரு பிற்காலச் சான்று உண்டு. அதை மறைப்பது ஆய்வறம் ஆகாது. 19ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரையின் வெள்ளீயம் யானைகளின் முதுகில் மலையைக் கடந்து, பின் படகில் பாண்டோனுக்கும் அங்கிருந்து பாங்காக்குக்கும் சென்றதுண்டு. ஆகவே வழி நடக்கத்தக்கதே. ஆனால் அதை நடக்க வைத்தது எது? 1782இல் பாங்காக் தலைநகரானபின் அரசுக்குரிய திறை கிழக்கே தாய்லாந்து வளைகுடாப் பக்கம் ஈர்க்கப்பட்டது. மேற்கிலோ பர்மியரின் அச்சம் இருந்தது. அரசியல் ஈர்ப்பே சரக்கை மலையேற்றியது. 9ஆம் நூற்றாண்டில் அத்தகைய ஈர்ப்பு இருந்திருக்குமானால் அது சையாவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். 775க்குரிய லிகோர் கல்வெட்டு ஸ்ரீவிஜய மன்னனைப் புகழ்வதால் வளைகுடாக் கரையின் முதன்மையை நான் மறுக்கவில்லை. ஆயினும் ஸ்ரீவிஜயம் நீரிணையை ஆண்ட கடலரசு. கடல்வழியைத் தன் கையில் வைத்திருந்த அரசுக்கு மலைவழியை முதன்மையாக்கும் தேவை குறைவு.

கபோங்கின் பிற்கால ஆட்சி வரலாறும் ஆற்றோடு இறங்குகிறது, மலையைக் கடக்கவில்லை. பல்லவர் காலத்துக்கும் அயுத்தியாவின் எல்லைப்புற ஊர்களுக்கும் இடையே எழுத்துச் சான்றற்ற நெடும் இடைவெளி இருப்பதால் தொடர்ச்சி இருந்ததாக நான் வாதிடவில்லை. இடைவெளிக்குப் பின் நமக்குத் தெரியும் கபோங், தக்குவாபாவின் ஆட்சிக்குக் கீழ்ப்பட்ட மேலாற்றுச் சுரங்க நிலம். 1890களில் இளவரசர் தம்ரோங் நடைமுறைப்படுத்திய தேசாபிபான் சீர்திருத்தம் பழைய ஊர்த்தலைவர்களின் பரம்பரை ஆட்சியை மாற்றி, மோந்தோன் (மாகாணத் தொகுதி), மாகாணம், மாவட்டம், தம்போன், சிற்றூர் என்ற அடுக்கை நிறுவியது. தக்குவாபா புக்கெட் மோந்தோனில் அமைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மோந்தோனின் ஆணையராக இருந்த காவ் சிம் பீ ரனோங்கின் ஹொக்கியன் சீனச் சுரங்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வணிகக் குடும்பமே அரசின் கையாக இயங்கியது இந்தக் கரையின் நெடுங்கால இயல்பு. உலகப் பொருளாதார மந்தத்தில் அரசு செலவைக் குறைக்க முனைந்தபோது, 1932இல் தக்குவாபா மாகாணம் கலைக்கப்பட்டுப் பாங்ங்காவுடன் இணைக்கப்பட்டது. கபோங்கும் அதனுடன் சென்றது. இன்றைய மாகாண எல்லை கபோங்கைப் பனோமிலிருந்து மலைமுகட்டில் பிரிக்கிறது. அண்மைக்கால எல்லைக்கோட்டைக் கொண்டு 9ஆம் நூற்றாண்டை நிறுவ முடியாது. எனினும் ஒரு பள்ளத்தாக்கை அதன் கடல்முகத்தோடு பிணைத்த விசை எதுவென்று அது காட்டுகிறது. 1985இல் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தபின் கபோங்கின் வாழ்வு ரப்பருக்கும் எண்ணெய்ப்பனைக்கும் பழத்தோட்டங்களுக்கும் மாறியது. சாலிகா என்னும் உள்ளூர் டுரியான் வகை இன்று அதன் அடையாளம்.

மரபுகளிலும் இதே இயல்பு காணப்படுகிறது. லே தம்போனில் உள்ள வாட் நாராய் நிகாயாராம் பௌத்த மடம் நாராயணன் பெயரைத் தாங்குகிறது. மூலச் சிற்பங்கள் நெடுங்காலம் ஒரு மரத்தின் அடிப்பகுதியால் தழுவப்பட்டு நின்றவை. இன்று அவை புக்கெட்டில் தலாங் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. விஷ்ணுவின் இருபுறமும் உள்ள உருவங்களைக் கலைவரலாற்றாளர் முனிவராகவும் தேவியாகவும் காண, வட்டார மக்கள் அவர்களை ராமகியென் கதையின் லட்சுமணனாகவும் சீதையாகவும் வழிபட்டனர். இது அறியாமை அன்று. வேற்றுத் தெய்வத்தைத் தம் ஊர்க் காவலாக ஏற்றுக்கொண்ட முறை. பத்தாம் மாதத்து முன்னோர் வழிபாட்டையும் சீனர் வழிவந்த ஒன்பது நாள் சைவ நோன்பையும் ஒரே நிலத்தில் பேணும் இப்பகுதிக்கு அது இயல்பானதே. இந்த மரபில் பல்லவர் காலத்தின் நேரடி எச்சத்தைத் தேடுவது பிழை. அடுத்தடுத்து வந்து தங்கியோரின் தெய்வங்களை அடுக்கிச் சேர்த்துக்கொண்ட நிலம் இது என்பதற்கே அது சான்று.

தக்குவாபாவைத் தாலமியின் தக்கோலமாகவும், முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி குறிக்கும் தலைத்தக்கோலமாகவும் காணும் செதேஸின் கருத்தை இக்கட்டுரை சார்ந்திருக்கவில்லை. திராங் பகுதியை முன்மொழிந்த பால் வீட்லி போன்றோரின் எதிர்வாதம் வலுவானது. அந்த வழக்கு எப்படித் தீர்ந்தாலும் குளத்தின் காவலர் பற்றிய முடிவு மாறாது.

தொகுத்துச் சொன்னால், குறுக்குவழி இருந்தது. அது கபோங்கை உருவாக்கவில்லை. ஆற்றுமுகத் துறையும் மேலாற்று உலோகமும் அவற்றைப் பற்றித் தங்கிய வணிக அமைப்பும் ஒன்றுசேர்ந்து 9ஆம் நூற்றாண்டில் ஒரு குடியிருப்பை நிலைநிறுத்தின. அதன் ஆட்சி ஆவணமே நம்மிடமுள்ள கல்வெட்டு. இந்த முடிவை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ கூடிய வேலைகள் மூன்று. கல்லின் சிதைந்த முதல் வரியையும் மூன்றாவது குழுவின் பெயரையும் புதிய ஒளிப்பட முறைகளால் மறுபடியும் படிக்க வேண்டும். கல் எந்த நிலத்துப் பாறை என்பதைக் கனிம ஆய்வால் அறிய வேண்டும். காவ் பிரா நாராய் குன்றின் அடிவாரத்தையும் ஆற்றுமுகத்தையும் ஒரு குளத்தைத் தேடும் நோக்கோடு அளவிட வேண்டும். தமிழகத்துக் கல்வெட்டியல் துறைகளும் தாய்லாந்தின் நுண்கலைத் துறையும் இணைந்தால் செய்து முடிக்கக்கூடிய பணி இது. ஓர் அவனிநாரணக் குளத்தின் காவலை ஏற்றவர் யாவர் என்று அறிய விரும்பும் இளம் ஆய்வாளர் இதை முதற்பணியாகக் கொள்ள வேண்டும்.